மேலே யார் பெயர் இருக்கிறதோ

யூனிஸுக்குக் கோபமே வராது என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்னவர்கள் யாரும் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்கள் இல்லை. நான் வருஷக்கணக்கில் உட்கார்ந்தேன். கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள். கீபோர்டைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கத்துவது என் வேலை. இதையும் கத்திக்கொண்டேதான் எழுதுகிறேன்.

அவள் பெங்களூர் லிங்கராஜபுரத்துப் பெண். அப்பா இராஜமாணிக்கம் தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மா அன்னம்மாள் வீட்டிலேயே மிஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுப்பார். மூன்று பெண்களில் யூனிஸ் கடைசி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாள். மற்ற நாட்களில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலில் தலை சாய்த்தால் வைட்ஃபீல்ட் வந்த பிறகுதான் கண் திறப்பாள்.

1999-இல் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் நெட்வொர்க் கார்டுகளுக்கு டிரைவர், அதாவது கார்டைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் புரோகிராம், எழுதித் தருவது எங்கள் கம்பெனியின் வேலை. சேர்ந்த பெண்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு டெஸ்டிங்கில் தள்ளினார்கள். நிருபமா ஆகிய நானும் அதில் போய் விழுந்தேன். யூனிஸ் விடவில்லை. மேனேஜர் பத்ரிநாத்தின் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டி, கர்னல் குழுவில் இடம் வாங்கினாள். கர்னல்தான் கம்ப்யூட்டரின் அஸ்திவாரம். மற்ற இடத்தில் தப்பு செய்தால் அந்த ஒரு புரோகிராம் நிற்கும், அங்கே செய்தால் மிஷினே நின்றுவிடும். அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான் பெண். அந்த நாற்காலி ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்காக அவள் பொறுத்துக்கொண்டதை எல்லாம் பார்த்தவள் நான். கடைசியில் அதைத்தான் பிடுங்கினார்கள்.

முதல் கார்டுக்கு அவள் எழுதியதைச் சொல்கிறேன். கார்டுக்குள்ளேயே ஃபர்ம்வேர் என்று ஒன்று பதிந்திருக்கும். அதில் ஓர் அட்டவணை: எத்தனை போர்ட், எது என்ன வேகம் என்பதெல்லாம். டிரைவர் அதை வரிவரியாகப் படித்தால்தான் கார்டு எழுந்திருக்கும். ஒவ்வொரு வரியும் தன் நீளத்தைத் தானே சொல்லும். அந்த நீளத்தைத் தாண்டிப் போனால் அடுத்த வரி. ஒரு வரி தன் நீளம் பூஜ்யம் என்று சொன்னால்? தாண்டவே முடியாது. அதே வரியைப் படித்துக்கொண்டே இருப்போம், மிஷின் உறைந்துவிடும். யூனிஸ் எதையும் எடுத்த எடுப்பில் நம்புகிறவள் இல்லை. பூஜ்யமோ, நம்ப முடியாத அளவுக்குச் சின்ன நீளமோ வந்தால் படிப்பதை நிறுத்து என்று ஒரு சோதனை வைத்தாள். நான் வேண்டுமென்றே கெட்டுப்போன அட்டவணைகளாகக் கொடுத்துப் பார்த்தேன். அட்டவணையைப் படிக்கும் அவளுடைய பார்சர் அசையவில்லை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

2003-இல் இரண்டாவது கார்டு வந்தது. அட்டவணை அதேதான். தலைப்பகுதி கொஞ்சம் பெரிது, நடுநடுவே இடத்தை நிரப்பச் சில குட்டி வரிகள். வித்தியாசம் அவ்வளவுதான். இந்த வேலை அதே கர்னல் குழுவில் இருந்த நாகேஷிடம் போயிற்று. நாகேஷ் கெட்டவன் இல்லை. ஆனால் மேனேஜர் தும்மினால் இவனுக்கு ஜலதோஷம் பிடிக்கும்.

பத்ரிநாத்தின் அறையில் யூனிஸ், நாகேஷ், நான் மூவரும் நின்றோம்.

"புதுசா எதுவும் எழுத வேணாம் சார்," என்றாள் யூனிஸ். "என் பார்சரை வெளியே எடுத்துப் பொதுவா வெச்சிடறேன். தலைப்பு எவ்ளோ நீளம், சின்ன வரி எவ்ளோ சின்னதா இருக்கலாம்னு மட்டும் அந்தந்த டிரைவர் சொன்னா போதும். ஒரே கோட், ரெண்டு கார்டு."

"பழைய டிரைவரைத் தொட்டா அதை மறுபடி டெஸ்ட் பண்ணணும். யார் பண்றது? ஃபைலைக் காப்பி பண்ணி நாகேஷ்கிட்ட குடு. அவன் மாத்திப்பான்."

"நான் பண்றேன் சார்," என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"காப்பி பண்ணா ரெண்டும் ரெண்டு விதமா வளந்துடும் சார். ஒண்ணுல சரி பண்றது இன்னொண்ணுக்குப் போய்ச் சேராது. எங்க வீட்ல மூணு பேருக்கும் ஒரே யூனிஃபார்ம்தான். அம்மா ஓரத்தை மட்டும் பிரிச்சு விடுவாங்க. அந்த மாதிரி தான் இதுவும்."

"இது தையல் கடை இல்லேம்மா. சும்னே தகராறு பண்ணாதே."

தையல் கடை இல்லையாம். தையல் கடையாக இருந்திருந்தால் இந்த லட்சணத்தில் துணி வெட்டியதற்கு வாடிக்கையாளர் அன்றே செருப்பைக் கழற்றியிருப்பார். யூனிஸ் தன் இடத்துக்குத் திரும்பினாள். வந்து உட்கார்ந்தாள், கீபோர்டைத் தள்ளிவைத்தாள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் எழுதியவர் பெயர் இருக்கும். வாடிக்கையாளருக்கு ஏதாவது பிரச்சினை என்றால், மேலே யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் போன் வரும். அதனால் இன்னொருவர் ஃபைலைக் காப்பி அடிக்கிறவர்கள் உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றுவார்கள், மேலே இருக்கும் பெயரை மட்டும் தொடமாட்டார்கள். போன் அந்தப் பக்கம் போகட்டும் என்கிற நல்லெண்ணம். நாகேஷும் தொடவில்லை. அவனுடைய புது டிரைவரில் யூனிஸின் பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

புது கார்டின் குட்டி வரிகளைப் பார்த்ததும் யூனிஸின் சோதனை வேலையைக் காட்டியது. இவ்வளவு சின்ன நீளமா, முடியாது என்று நிறுத்தியது. டெமோ நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வரிசையில்தான் யூனிஸ் உட்கார்ந்திருந்தாள், எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்று சொல்லியிருப்பாள். நாகேஷ் கேட்கவில்லை. அந்தச் சோதனையையே மொத்தமாகத் தூக்கிவிட்டான். டெமோ அமர்க்களமாக நடந்தது. கெட்டுப்போன அட்டவணைகளை இதற்கும் ஒருமுறை கொடுத்துப் பார்க்கிறேன் என்று பத்ரிநாத்திடம் போய் நின்றேன்.

"எதுக்கு? அது பழைய கோட்தானே. ஏற்கெனவே டெஸ்ட் ஆனதுதானே," என்றார்.

இதைவிட வயிற்றெரிச்சலான ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. பழைய டிரைவரைத் தொடாததற்குக் காரணம், தொட்டால் மறுபடி டெஸ்ட் பண்ணவேண்டும். புதியதை டெஸ்ட் பண்ணாததற்குக் காரணம், அது பழையது.

சில மாதங்களில் வாடிக்கையாளர் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தார். அதில் ஒரு வரியின் நீளம் தவறிப்போய்ப் பூஜ்யமாக இருந்தது. அவர்களுடைய சர்வர் அறையில் மிஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறைந்தன. ஃபைலைத் திறந்து தலையைப் பார்த்தார்கள். போன் யூனிஸுக்கு வந்தது.

அவளும் நானும் பத்ரிநாத்திடம் போனோம். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பதைக் கம்ப்யூட்டரே சொல்லும். அதை அவர் முன்னால் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரியும் நிருபமா," என்றார்.

தெரியுமாம். தெரியாமல் பழி போட்டிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன்.

"நாகேஷ் அடுத்த மாசம் அவங்க ஊருக்கே போய் வேலை செய்யப் போறான். விசா வந்தாச்சு. இப்போ போய் தப்பு அவன்துன்னு சொன்னா அவங்க அவனை உள்ளே விடுவாங்களா? கம்பெனிக்கு எவ்வளவு கெட்ட பேர்! யூனிஸ், ஃபைல்ல உன் பேர்தான் இருக்கு. அவங்களுக்கும் உன் பேர்தான் தெரியும். கொஞ்ச நாள் டாக்குமென்டேஷன்ல இரு. அப்புறம் பாத்துக்கலாம்."

"நான் செய்யாததுக்கா சார்?"

"பிடும்மா, விட்டுடு. இதையெல்லாம் பெரிசு பண்ணாதே."

அன்று மத்தியானம் யூனிஸ் சாப்பிடவில்லை. பார்சரை வெளியே எடுத்துப் பொதுவாக வைத்தாள், இரண்டு டிரைவர்களையும் அதற்குத் திருப்பினாள், சோதனையைத் திரும்ப நட்டாள். முதலிலேயே செய்கிறேன் என்று அவள் சொன்ன அதே வேலை. நான் என்னிடமிருந்த கெட்ட அட்டவணைகள் எல்லாவற்றையும் இரண்டு கார்டுக்கும் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் உறையவில்லை. அதன் பிறகு அவள் தன் குவளையையும் ஒரு சின்னத் தொட்டிச் செடியையும் எடுத்துக்கொண்டு டாக்குமென்டேஷன் வரிசைக்கு நடந்தாள். மற்றவர்கள் எழுதிய கோட் எப்படி வேலை செய்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கி எழுதும் வேலை. ஒரு பயலும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாடிக்கையாளர் அந்தத் திருத்தத்தைப் பார்த்து மகிழ்ந்துபோனார். இனி வருகிற எல்லா கார்டுக்கும் இதையே வைத்துக்கொள்வோம் என்று பாராட்டிக் கடிதம் போட்டார். நான் போய் ஃபைலைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஓர் எழுத்து மாறவில்லை. தலையில் மட்டும் நாகேஷ் என்றிருந்தது. பழி வரும்போது அவர்கள் தொடாத அந்த ஒரு வரியைப் பாராட்டு வந்ததும் முதல் வேலையாக மாற்றியிருந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் கேன்டீன்காரர்கூட எட்டிப் பார்த்தார். பத்ரிநாத் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருஷமாயிற்று. அவர் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. யூனிஸ் வெளியே வேலை தேடினாள். தேடிப் போன இடத்தில் நீ என்ன எழுதினாய் என்று கேட்டால், காட்டுவதற்கு இருந்த பார்சரில் அவள் பெயர் இல்லை. கடைசியில் அல்சூர் பக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில், பெயரைப் பார்க்காமல் எழுத வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். கர்னல் வேலை. ராஜினாமா கொடுத்த அன்று கம்பெனி பஸ்ஸில் அவள் தூங்கவில்லை.

அவள் கிளம்பவிருந்த வாரத்தில்தான் மூன்றாவது கார்டு வந்தது. இந்த முறை அட்டவணைக்குள் இன்னோர் அட்டவணை. அதே பார்சர்தான், இன்னொரு முறை ஓரம் பிரிக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து திரும்பி டீம் லீடராகியிருந்த நாகேஷ் பிரித்துப் பார்த்தான், எங்கே பிரிப்பது என்று தெரியவில்லை. டிரைவர் ஏற மறுத்தது. வாடிக்கையாளர் நெருக்க ஆரம்பித்தார்.

பத்ரிநாத் டாக்குமென்டேஷன் வரிசைக்கு வந்தார். அவர் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. யூனிஸ் தொட்டிச் செடியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"யூனிஸ், ராஜினாமாவை வாபஸ் வாங்கிக்கோம்மா. நாளைக்கே கர்னல் குரூப்புக்கு வந்துடு. அதே நாற்காலி. அந்தப் பார்சரை மட்டும் கொஞ்சம் பாரேன். உன்னைவிட்டா அது யாருக்குத் தெரியும்?"

அவள் செடியைப் பைக்குள் வைத்தாள். குரல் உயரவில்லை.

"மேலே யார் பேர் இருக்கோ, அவங்களுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க சார்."

யூனிஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினாள். கர்னல் குழு வரிசையில், நாகேஷின் மேஜையில், போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.