முதல் கரண்டி

அது பித்தளைச் சோற்றுக் கரண்டி. பிடித்துப் பிடித்துக் காம்பின் நுனி வெளுத்துப் போயிருக்கும். போன வாரம் ஒருநாள் என் மகன் கையில் போனோடு சமையல்கட்டுக்குள் வந்து, ஆணியில் தொங்கிய அந்தக் கரண்டியை எடுத்தான். "சாப்பிட உக்காருங்கம்மா" என்றான். சோறு வடித்த சூடுகூட ஆறவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் என் தங்கச்சி கிடக்கிற நேரம். 

அது என் மாமனார் பிடித்த கரண்டி. ராஜபாளையத்தில் பஞ்சு யாவாரம் செய்தவர். நான்கு மகன்களையும் மருமகள்களையும் ஒரே அடுப்பில் கட்டி வைத்திருந்தவர். எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் கடைச் சாவியை என்னிடம்தான் கொடுப்பார். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. வீட்டுக்குப் போன் வந்ததும் அதைத் தன் நாற்காலிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வேறு யாரும் எடுக்கக் கூடாது. "நல்ல சேதி எப்ப வந்தாலும் நல்லதுதான். கெட்டது மொதல்ல என் காதுல விழட்டும்" என்பார். துக்கச் சேதி விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. சின்ன வயசில், தன் தாய் செத்த அன்றைக்குப் பசியில் சுருண்டு கிடந்தவர் அவர். அதனால் யார் செத்தாலும் முதலில் எல்லாரையும் உட்கார வைத்துச் சோறு போடுவார். கை கழுவிய பிறகுதான் வாயைத் திறப்பார். துக்கம் யாருக்கு ரொம்ப நெருக்கமோ, முதல் கரண்டி அவர்கள் தட்டில் விழும்.

மற்ற நாளில் சமையல்கட்டு வாசலை மிதிக்காத மனிதர். "மாமா கரண்டிய எடுத்தா எமன் தெருமுக்குல நிக்கான்னு அர்த்தம்க்கா" என்பாள் என் ஓரகத்தி. சிரிப்போம். அவர் நிழல் வாசலில் விழுந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

என் வீட்டுக்காரர் பஞ்சு லோடோடு செங்கோட்டை மலைப்பாதையில் போயிருந்த நாள். மேற்கே மலை முழுக்கக் கருத்துக் கிடந்தது. போன் அடித்தது. மாமா "ம்" என்று மட்டும் சொல்லி வைத்தார். வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு உள்ளே வந்தார்.

"எல்லாரும் உக்காருங்க தாயி."

"இப்பத்தான் மாமா வடிச்சேன். கொழம்புகூடக் கொதிக்கல."

"மோரு போதும். உக்காரு."

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். "தாத்தா, அப்பளம்?" என்று கேட்டான் என் மகன். பெண்கள் நாங்கள் கரண்டியையே பார்த்தோம். அது ஒவ்வொரு தட்டாகத் தாண்டி வந்தது. தாண்டத் தாண்ட ஒவ்வொருத்தியும் மூச்சு விட்டாள். என் தட்டில் வந்து நின்றது.

நான் அழவில்லை. பருக்கை பருக்கையாகத் தின்றேன். நான் கை கழுவும்வரை என் வீட்டுக்காரர் உயிரோடுதான் இருந்தார். "இன்னும் கொஞ்சம் மோரு ஊத்துங்க மாமா" என்றேன். ஊற்றினார். மறுபடி கேட்டேன். மறுபடியும் ஊற்றினார். போனது அவர் பெற்ற மகன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவருக்கு முதல் கரண்டி போட அந்த வீட்டில் ஆள் இல்லை.

மாமா கண்மூடிய காலையில் கட்டிலருகே நான் மட்டும்தான் இருந்தேன். போர்வையை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அடுப்பைப் பற்ற வைத்தேன். என் கையில் கரண்டியைப் பார்த்ததும் கொழுந்தனார், "மதினி, அப்பா எங்க?" என்றார். "சாப்பிடுங்க" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

இப்போது எல்லார் கையிலும் போன். சேதி எல்லாருக்கும் ஒன்றாக வந்து விழுகிறது. சோறு பாதித் தட்டில் காய்ந்து கிடக்கிறது. அந்த வழக்கம் என்னோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அப்பளம் கேட்டவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அன்றைக்கு அவன் சொன்னதும் மருமகளும் பேத்தியும் உட்கார்ந்தார்கள். "என்னப்பா, இம்புட்டு சீக்கிரமா?" என்றாள் பேத்தி. கரண்டி அவர்களைத் தாண்டி வந்தது. என் தட்டில் சோறு விழுந்தது. மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மோரு ஊத்துய்யா" என்றேன். "நெறய ஊத்து."