சுவர் இல்லாத வாசற்கால்

காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் வீடு கட்ட ஆரம்பித்தோம் இல்லையா? பஞ்சாயத்து அனுமதி இன்னும் வரவில்லை. நல்ல முகூர்த்தம் போய்விடுமே என்று நேற்றுப் பூஜை போட்டு, வாசற்காலை மட்டும் நட்டுவிட்டோம். சுவர் ஒன்றும் எழும்பவில்லை.

இன்று பஞ்சாயத்து ஓவர்சியர் சைக்கிளில் வந்து இறங்கினார். என் வீட்டுக்காரர் செங்கல் அடுக்குக்குப் பின்னால் போய்விட்டார்!

"பர்மிஷன் இல்லாம யாரும்மா நிலை வச்சது?"

"நான்தாங்க வைக்கச் சொன்னேன். இதை விட்டா ஆடி பொறந்துடும்ங்க."

ரோட்டிலிருந்து டேப் பிடித்துப் பார்த்தார்.

"ரோட்டுக்கு ரொம்பக் கிட்ட இருக்குதே. வேலூர்ல இருந்து ஆபீசர் வருவாரு. எடுக்கச் சொன்னா எடுத்துடணும்."

"ஐயோ, மஞ்சள் பூசி நட்ட நிலைங்க! என் பொண்ணு நிறைமாசமா இருக்கா. இப்போ போய்ப் புடுங்கலாமாங்க?"

"அதை ஆபீசர்கிட்ட சொல்லுங்க. அதுவரைக்கும் ஒரு கல்லு வைக்கக் கூடாது."

அண்ணாமலையாரே என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஓவர்சியர் உள்ளே அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். சுற்றிலும் வெட்டவெளி, எந்தப் பக்கமாகவும் போகலாம். ஆனால் அந்த மனுஷன் தலையைக் குனிந்து, கீழ்ப்படியை மிதிக்காமல் தாண்டி, என் வாசற்கால் வழியாகத்தான் வெளியே போனார்.

எடுக்கணும் என்றவருக்கே அதை மிதிக்க மனசு வரவில்லை. வேலூர் ஆபீசருக்குப் பிடுங்க மனசு வருமா?

வராது என்று யாராவது சொல்லுங்கள். நான் இன்றைக்குத் தூங்க வேண்டும்.