கிணற்றடிப் பாட்டு

இன்று காலை பள்ளிக்கூட மதிலோரமாக நடந்தபோது உள்ளே ஒரு வகுப்பு முழுவதும் ஒரேயடியாகச் சிரித்தது. நான் நின்றுவிட்டேன்.

சண்டிலிப்பாயில் எங்களுக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. விடியற்காலையில் அண்ணை தண்ணீர் இறைக்கும் துலாவில் ஏறி மிதிப்பார். ஐயா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா கிணற்றடியில் நின்று வாளி பிடிப்பார். வாளிக்கு ஒரு வரியாக ஐயா பாடுவார். எத்தனை வாளி இறைத்தாயிற்று என்பது பாட்டிலேயே தெரிந்துவிடும். வாளி மேலே வரும்போது அவருடைய குரல் கீச்சென்று உடையும்.

ஏழாம் வகுப்பில், மாணவர் மன்றத்தில் நான் அதை நடித்தேன். குப்பைக் கூடைதான் வாளி. குரல் உடைந்த இடத்தில் வகுப்பே மேசையில் தட்டிச் சிரித்தது.

“ஆரடா உது?” என்று வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“எங்கடை ஐயா, சேர்!”

அப்போதுதான் அரைச்சுவருக்கு வெளியே ஐயாவைக் கண்டேன். நான் மறந்துவிட்டு வந்த கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்திருந்தார். அவரும் சிரித்தார். “நல்லாய்த்தான் செய்யிறான்” என்று கொப்பியை நீட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

மறுநாள் கிணற்றடியில் பாட்டில்லை. “ஒண்டு, ரெண்டு” என்று மெல்ல எண்ணினார்.

“ஏன் ஐயா பாடேல்லை?” மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்ற நான் கேட்டேன்.

“பாடாட்டியும் தண்ணி வரும்தானே, மோனை.”

கோபமில்லாமல்தான் சொன்னார். அண்ணை துலாவின் மேலிருந்து என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் நடந்தது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவுமில்லை. “நீங்கள் பாடினாத்தான் நல்லாயிருக்கும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐயா பாடியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அன்று நான் குனிந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாற்றினேன்.