செம்பவாங் கிடங்கின் தொலைபேசி மணி

எண்பதுகளின் நடுவில் நான் எழுதிய நாட்குறிப்பு ஒன்றில், தீபாவளிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், ‘செம்பவாங் மூன்றாம் முறையாகப் பூட்டிக்கொண்டது’ என்றிருக்கிறது.

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கிலிருந்த எங்கள் அலுவலகக் கணினியில்தான் கப்பல் உதிரிபாகங்களின் கையிருப்பு விவரமெல்லாம் இருந்தது. செம்பவாங் கிடங்கிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக அதற்குள் யார் நுழையலாம் என்பதை அமைத்தவன் நான். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டதும் கணினி இணைப்பைத் துண்டிக்கும். பிறகு பதிவிலுள்ள கிடங்கு எண்ணைத் தானே அழைக்கும். கடவுச்சொல்லைத் திருடியவன் வேறெங்கிருந்தோ நுழைந்துவிடக் கூடாதே என்றுதான் இந்த ஏற்பாடு. கடவுச்சொல் தவறினாலோ அழைப்பு வீணானாலோ, மூன்றாம் தடவையில் அந்தப் பயனரைப் பூட்டிவிடும்; நான் பூட்டை நீக்கும்வரை உள்ளே விடாது.

கிடங்கில் இருந்தவர் ஒரு அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு கப்பல் பட்டறையில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்தவர். வெள்ளிக்கிழமைக்குள் கணினியில் பட்டியல் அனுப்பாவிட்டால் அவரை நிறுத்திவிடப்போவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

“உங்க அக்கா மறுபடியும் பூட்டிட்டாங்க லா,” என்று சிரித்தார் பக்கத்து மேசைக்காரர். “பாஸ்வேர்ட உள்ளங்கையில எழுதி வச்சுக்கச் சொல்லுங்க.”

மறதிதான் காரணம் என்று நானும் நினைத்தேன். கிடங்குக்கு ஒரே தொலைபேசி இணைப்பு. அவர் முயலும்போது பேசிக் கேட்க வழியில்லை. புதன்கிழமை காலை, பூட்டை நீக்கிவிட்டு, பேருந்தேறிப் போனேன்.

அவர் தட்டச்சு செய்ததில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. இணைப்பு துண்டானது. சில விநாடிகளில் மேசைத் தொலைபேசி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

“குட் மார்னிங், ஸ்டோர்.” முகத்தைச் சுளித்தபடி வைத்தார். “பாத்தீங்களா தம்பி? நான் இதுல உக்காரும்போதெல்லாம் எவனோ ராங் நம்பர் அடிக்கிறான். கீச்சுனு ஒரு சத்தம் வேற!”

“அக்கா, அது நம்ம கம்ப்யூட்டர்தான். ரெண்டாவது மணியில இந்த மோடம் பெட்டி தானே எடுத்துக்கும். நீங்க எடுக்காதீங்க.”

“அடிக்கிற போன எடுக்காம இருக்கறதா? இத்தன வருஷத்துல ரெண்டாவது மணி அடிக்க விட்டதில்ல நான்.”

மறுமுறை முயன்றபோது இரு கைகளையும் மடியில் கோத்து இறுக்கிக்கொண்டார். முதல் மணி. உதட்டைக் கடித்தார். இரண்டாவது மணி. திரையில் எழுத்துகள் ஓடின.

திரும்பியதும், நான் அவருக்கு எழுதிக் கொடுத்திருந்த செயல்முறைக் குறிப்பைப் படித்தேன். தொலைபேசி அடிக்கும் என்று எந்த வரியிலும் இல்லை. பிழை என்னுடையது என்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்பே பட்டியல் வந்தது. அவரே தொடரட்டும் என்றார் மேலாளர்.

அதைச் சொல்ல அழைத்தேன்.

“சந்தோஷம் தம்பி. எனக்கு மறதின்னு பேசினவங்ககிட்டயும் சொல்லிடுங்க.”

“அதுல நானும் ஒருத்தன் அக்கா.”

“தெரியும் லா,” என்று சிரித்துவிட்டு வைத்தார்.