செத்த பட்டனும் என் நோ-டியூ கையெழுத்தும்

இல்லைங்க சார், நான் கழட்டினதால பட்டன் போகல. பட்டன் போனதாலதான் நான் கழட்டினேன். எது முன்னாடி, எது பின்னாடின்னு கூட விசாரிக்காம ஸ்டாக் ரிஜிஸ்டர்ல 'மாணவி திறந்ததால் ஐந்து பழுது'ன்னு எழுதிட்டீங்க. அதைக் காட்டி, பாக்கி எதுவும் இல்லன்னு குடுக்கற நோ-டியூ ஃபாரத்துல லேப் இன்சார்ஜ் நீங்க கையெழுத்தும் போட மாட்டேங்கறீங்க. அது இல்லாம ஹால் டிக்கெட் வராது. ஹால் டிக்கெட் இல்லாம நான் இந்த செமஸ்டர் எழுத முடியாது. உங்க ரூம்ல நின்னு பேசிப் பேசி எனக்குக் கால்தான் வலிச்சுது. அதான் நம்ம துறை சுவர் இதழ்லயே எழுதறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். கணக்கு லேபுல கிராஃப் கால்குலேட்டர் பன்னெண்டு இருக்கு, பழைய மாணவர் ஒருத்தர் வாங்கிக் குடுத்தது. சமன்பாட்டைப் போட்டா படம் வரைஞ்சு காட்டும். ரெண்டு வருசமா அதுக்கெல்லாம் வைத்தியம் நான்தான். நாமக்கல்ல மாமாவோட செல்போன் சர்வீஸ் கடையில லீவுக்குப் போயி பழகின கை. இந்தத் தொழிலு இவ்வளவுதான்: ஒரு பட்டன் மட்டும் செத்தா உள்ள அழுக்கு, ஒரு வரிசையே செத்தா போர்டுல லைன் அறுந்திருக்கு, எல்லாமே செத்தா முதல்ல பேட்டரியைப் பாரு, அப்பறம் கொண்டு வந்தவங்க மூஞ்சியைப் பாரு.

சாகாமலே செத்தது

கெஸ்ட் லெக்சரர் மேடம் ஒருத்தங்க ஓடி வந்தாங்க. "ஒரு பட்டனும் வேலை செய்யலம்மா, எல்லாத்தையும் அமுக்கிப் பாத்துட்டேன்." வாங்கிப் பாத்தா, ஸ்கிரீன் மூலையில சின்னக் கோடு ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்குது. லட்சம் வரைக்கும் கூட்டற புரோகிராமைத் தட்டி விட்டுட்டு அவங்க டீ குடிக்கப் போயிருக்காங்க. அது பாவம், கூட்டிக்கிட்டே இருக்குது. ஆன் பட்டனை ஒருக்கா அமுக்கி நிறுத்தினேன், எல்லாம் உயிரோட எந்திரிச்சிருச்சு.

"வேலையா இருந்தா வாயைத் தொறந்து சொல்ல வேண்டாமா அது?"ன்னாங்க மேடம்.

கிரீஸ் வைத்தியம்

திருச்செங்கோட்டுலருந்து வர்ற ஜூனியர் பையன். ஏழாம் நம்பர் பட்டன் கொஞ்சம் டைட்டா இருந்துச்சாம். குண்டூசி முனையில கிரீஸ் தொட்டு இடுக்குல வுட்டிருக்கான். இப்ப பட்டன் வெண்ணெயாட்டம் அமுங்குது, ஸ்கிரீன்லதான் ஏழு விழுகல. ரப்பர் பட்டனுக்கு அடியில கறுப்பா ஒரு பொட்டு இருக்கும். அது கீழ இருக்கற போர்டைத் தொட்டாத்தான் கரண்டு போகும், நடுவுல கிரீஸ் இருந்தா எப்படிடா போகும்னு கத்தினேன். பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் துடைக்கவே ஒரு பீரியட் போச்சு.

அவன் கொஞ்சங்கூட அசரல. "ஏனுங்க்கா, எங்கூட்டு போர் போடற ரிக்கு வண்டியில எது இறுகினாலும் அப்பா கிரீஸ்தானுங்க வெப்பாரு, இது மட்டும் என்ன சொகுசுங்களா?"

ஆத்தூர் மாவு

இன்னொருத்தன் ப்ராஜெக்ட்டுக்குன்னு கால்குலேட்டரை ஆத்தூருக்கு எடுத்துட்டுப் போனான். அவங்க குடும்பம் ஜவ்வரிசி மில்லு நடத்துது. கிழங்கு மாவு காயற களத்துலயே உக்காந்து கணக்குப் போட்டிருக்கான். மாவு பட்டனுக்குள்ள பூந்துருச்சு. அதோட வுட்டிருந்தா நான் பிரஷ்ல தட்டியே எடுத்திருப்பேன். தொரை ஈரத்துணி போட்டுத் தொடைச்சிருக்காரு. மாவும் தண்ணியும் சேந்தா என்ன ஆகும்? போஸ்டர் ஒட்டற பசை ஆகும். ஆச்சு. அமுக்கின பட்டன் மேல வரவே இல்ல. அதையும் கழுவிக் காய வெச்சு ஓட வெச்சேன். கவனிங்க சார், அதையும் கழட்டித்தான் சரி பண்ணுனேன்.

"வெறும் மாவு தானக்கா, அழுக்கு ஒண்ணும் இல்லியே"ன்னான்.

ஆயுத பூஜை

இதுக்குத்தான் வந்தேன். பூஜையன்னிக்கு பன்னெண்டையும் மேஜை மேல வரிசையா அடுக்கி, கால்குலேட்டரும் ஆயுதம்தான்னு நீங்களே சொன்னீங்க. எனக்கும் சந்தோசம்தான். சந்தனத்தைப் பன்னீர்ல தண்ணியாக் கரைச்சு, முன்பக்கம், பட்டன் மேலயே வெக்க ஆரம்பிச்சீங்க. பின்னாடி மூடி மேல வெச்சுக்கலாங்க சார்னு நான் சொன்னேன், முகம் இருக்கற பக்கம்தான் வெக்கோணும்னீங்க. நாலுக்கு வெச்சதும் பிரின்சிபால் கூப்பிட்டாருன்னு கிளம்பிட்டீங்க. மிச்ச எட்டுக்கும் நான் பின்னாடி வெச்சேன். அப்பறம் மூணு நாள் லீவு, லேபைப் பூட்டியாச்சு.

தொறந்தா நாலுலயும் நடுப் பட்டன் மூணு செத்துக் கிடந்துச்சு. சரியா பொட்டு வெச்ச எடம். மிச்ச எட்டும் அன்னிக்கு நல்லா ஓடுச்சு. கழட்டினா உள்ள மஞ்சளாக் காஞ்சு, போர்டு லைனையே அரிச்சிருக்குது. தொடைச்சா ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செத்துரும். மஞ்சப் பஞ்சைப் பாத்துட்டு லேப் அக்கா வாயில கைய வெச்சுக்கிட்டாங்க.

"பூசைக்கு வெச்ச சந்தனத்தைப் போயி குத்தம் சொல்லுவாங்களா சாமி?"

அஞ்சாவது

அஞ்சாவதைக் கெடுத்தது நான்தான். மறைக்கல. அந்த எட்டுல ஒண்ணு அது, அப்பறமா ஒரே ஒரு பட்டன்தான் லேசா மக்கர் பண்ணுச்சு. அந்த நாலுக்காக உங்க ரூம்ல சண்டை போட்டுட்டு வந்த கையோட, வெடுக்குன்னு மூடியை இழுத்தேன். ஸ்கிரீனுக்குப் போற ரிப்பன் வயரு கிழிஞ்சிருச்சு. இப்ப பட்டன் எல்லாம் வேலை செய்யுது, பாக்கத்தான் ஸ்கிரீன் இல்ல. மாமாவுக்குப் போன் போட்டேன். அவரு சிரிச்சாரு.

"கோவத்தோட ஸ்குரூவைத் தொடாதேன்னா கேக்கறியா? நீ கழட்டினது கால்குலேட்டரை இல்ல கண்ணு, உன் வாத்தியாரை."

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இந்தத் தொழில்ல தானாச் செத்த பட்டன் ஒண்ணு கூட இல்ல, அதனால நான் கெடுத்த ஒண்ணை நான்தான்னு எழுதி ஒட்டிட்டேன், மிச்ச நாலையும் யார் கெடுத்ததுன்னு ரூம்ல கூப்பிட்டு வெச்சு இல்ல, இதே போர்டுல, எல்லாரும் படிக்கற மாதிரி நீங்க எழுதி ஒட்டுங்க சார்.

— மூணாம் வருசம் கணக்கு, லேப் செகரட்டரி