டிரெய்லரின் நடுப்பலகை

என் இரண்டு காலும் போலியோவில் போனவை. அரூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று சக்கரம் வைத்த மோட்டார் சைக்கிளில்தான் போக வர. கியரைக் கையால் மாற்ற ஒரு கம்பி வைத்திருக்கிறேன். வீட்டில் தவழ்பவன், அதில் ஏறிவிட்டால் எல்லோரையும் போல ஆள்.

சின்ன வயதில் எனக்கு வாகனம் அக்காதான். சித்தேரி மலையில் எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்னை முதுகில் தூக்கிப்போவாள். ஓடையில் இறங்கும்போது மட்டும், "கெட்டியா புடிச்சிக்க கண்ணு" என்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துக்கொள்வேன். அவள் மேல் கோபமில்லை. இன்னொருத்தர் முதுகில் மூட்டையாய்க் கிடக்கிறோமே என்ற கோபம். வண்டி வாங்கிய அன்றே, இனி எவர் முதுகிலும் ஏறுவதில்லை என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

போன வருஷம் அக்காவுக்குக் காலெல்லாம் வீங்கியது. இதயம் பழுதாகிவிட்டது, மருந்தில் கொஞ்ச காலம் ஓடும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். அவளோ மலையை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். ஞாயிறுதோறும் நான்தான் போயாக வேண்டும். ஒரு தடவை வண்டியிலேயே மலை ஏறிப் பார்த்தேன். மூன்றாவது வளைவில் இழுக்க முடியாமல் பின்னோக்கி உருண்டு, ஒரு சக்கரம் பாதையோர வாய்க்காலில் இறங்கி நின்றதில் உயிர் தப்பியது.

அக்காவின் மூத்த மகன் மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறான். "ஜீப்புல வந்துருங்க மாமா. அங்க நான் தூக்கிக்கறேன்" என்றான்.

"தூக்கற பேச்சே வேணாம். என் வண்டியும் வரணும்."

அப்படித்தான் ஜீப்பின் பின்னால் மாட்ட ஒரு டிரெய்லர் தேட ஆரம்பித்தோம். குட்டியானை லோடு வண்டியில் ஏற்றலாம்தான். ஆனால் அதன் உயரத்துக்கு நாலு பேர் வண்டியைத் தூக்க வேண்டும், நான் ஓரமாய் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். டிராக்டர் டிரெய்லர் போல ஒன்று விலைக்கு வந்தது. அக்கா மகன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தத்துல நம்ம ஜீப்பு மூச்சு வுடாதுங்க. எறக்கத்துல இது ஜீப்பையே தள்ளிரும்" என்றான். கடைசியில் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தோம். ஆட்டோ சக்கரம், ஆங்கிள் சட்டம், எடை குறைய வேண்டுமென்று அடித்தகடே கிடையாது. தரையோடு தாழ்ந்திருக்க வேண்டும், சாய்வுப் பலகை வழியே நானே ஓட்டி ஏற வேண்டும். நான் வைத்த நிபந்தனை அது ஒன்றுதான்.

பட்டறைக்காரர் கார் ஏற்றுவதுபோல இரண்டு பக்கமும் இரண்டு தடம் வைத்துவிட்டார். ஏறிப் பார்த்தேன். பின்சக்கரங்கள் அழகாக உட்கார்ந்தன. முன்சக்கரம் நடுவே அந்தரத்தில் தொங்கியது.

"ஏங்க, உங்களுக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

நடுவிலும் இரும்பு போட்டால் எடை கூடும், பலகை போடலாம் என்றானது. அக்காவின் பழைய வீட்டைப் பிரித்தபோது கழற்றிய கதவுப் பலகை இருந்தது. அவள்தான் எடுத்துப்போகச் சொன்னாள். அகலமான பலகை, சட்டத்தில் சரியாகப் பொருந்தியது.

அதன்பின் சில மாதங்கள் நன்றாக இருந்தேன். அடிவாரத்தில் நானே ஓட்டி ஏற்றுவேன், பட்டையால் இழுத்துக் கட்டுவோம், மேலே போனதும் இறக்கி அக்கா வாசலில் போய் ஹாரன் அடிப்பேன். அவளைப் பின்னால் உட்காரவைத்துச் சாமைக் கொல்லையைச் சுற்றிக் காட்டுவேன். "இப்ப நீ கெட்டியா புடிச்சிக்க" என்றால், மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பாள். அவளை நான் சுமந்தது அந்த ஞாயிறுகளில்தான். அந்தச் சந்தோஷத்தை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

மழைக்காலத்தில் அவளுக்கு முடியாமல் போய்த் தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயே போய்விட்டாள்.

அமரர் ஊர்தி அடிவாரம் வரை கொண்டுவந்தது. மழையில் மேலே பாதையோரம் சரிந்திருந்ததால் நீள வண்டி வளைவில் திரும்பாது என்றார் டிரைவர். அவர் சொன்னது நிஜம்தான். ஜீப் அங்கே தயாராக நின்றது. பின்னால் டிரெய்லரில் என் வண்டி, வழக்கம்போலக் கட்டி முடித்திருந்தோம்.

அக்கா மகன் ஜீப்பின் பின்கதவைத் திறந்தான். ஊர்ப் பெரியவர் ஒருவர் அவன் கையைப் பிடித்தார். "பொணம் ஏத்துன ஜீப்புல நாளைக்கு எவன்டா ஏறுவான்? புள்ளகுட்டிய எத வெச்சிக் காப்பாத்துவ?"

அது மலைக்கே தெரிந்த விஷயம். எல்லோரும் டிரெய்லரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். என்னிடம் கேட்க எல்லோருக்கும் கூச்சம். அந்த மரியாதைதான் எனக்கு ஆத்திரமூட்டியது.

"என்னத்தப் பாக்கறீங்க? வண்டிய எறக்குங்க" என்றேன்.

என் வண்டியைப் பின்னால் தள்ளி இறக்கி, டீக்கடைச் சாய்ப்பில் நிறுத்தினார்கள். அக்காவை நடுப்பலகையில் படுக்கவைத்தார்கள். என் வண்டியைக் கட்டும் அதே பட்டையால் கட்டினார்கள். நான் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே போனேன். பாழாய்ப்போன அந்த டிரெய்லர் அன்றைக்கு ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வந்தது.

ஊரில் இடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். ஜீப் போகாது. தாய்க்குக் காரியம் செய்வது இளைய மகன், அவன் தீச்சட்டியோடு முன்னே நடந்தான். மூத்தவன் தோள் கொடுக்க வேண்டும். பாடையைத் தூக்கும்போது அவன் திரும்பிப் பார்த்தான். வண்டியில்லாமல் நான் ஜீப் படியில் உட்கார்ந்திருந்தேன். நடக்க ஆரம்பித்துவிட்ட கூட்டத்தை விட்டுவிட்டு வந்து, என் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினான்.

"அம்மாவ நாலு பேரு தூக்கறாங்க மாமா. உங்களுக்கு யாரு இருக்காங்க? ஏறுங்க."

ஏறினேன். அவன் தாய் முன்னால் மற்றவர்கள் தோளில் போனாள். அவன் என்னைச் சுமந்துகொண்டு பின்னால் போனான். ஓடையில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இறங்குமுன் நின்று, திரும்பாமலே சொன்னான்.

"கெட்டியா புடிச்சிக்குங்க மாமா."

பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை பல்லைக் கடிக்கவில்லை. வாய்விட்டு அழுதேன்.