இல்லாத விரிசல்

என் காரின் முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டு. பானெட், இரண்டு மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து, தரையில் மூக்கை வைத்துக் கும்பிடுவதுபோல முன்னால் கவிழும். எஞ்சின் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே அதில் வேலை பார்க்கலாம். அந்த டயர்மேல் உட்கார்ந்துதான் அவன் என்னிடம் பொய் சொன்னான்.

அவன் என் நண்பன். தாம்பரத்தில் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்ச். படிப்பு மறந்துவிட்டது, பெஞ்ச் மட்டும் கூடவே வந்தது. இருவரிடமும் ஒரே மாதிரியான கார். பெருங்களத்தூரைத் தாண்டி ஒரு காலத்தில் இருந்த ஆலையில் செய்த, எண்ணூறு கிலோகூட வராத சின்னக் கார். ஆலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். என் கார் ஓடியது. அவன் கார் பல வருஷமாகச் செங்கல் மேல் நின்றது. ஓடும்போதே எஞ்சினுக்குள் ஒரு ராடு உடைந்து அதன் இரும்புச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அந்த எஞ்சினுக்கு மாற்று கிடைப்பது குதிரைக் கொம்பு. அவன் வாரம் தவறாமல் அந்த ஓடாத காரைத் துடைப்பான்.

என் கார் ஓடியது என்றேன். நடந்தது என்பதுதான் சரி. வெயில் ஏறினால் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகும். மேடவாக்கம் சிக்னலில் நின்றால் நின்றதுதான். பின்னால் ஒரு ஊரே ஹாரன் அடிக்கும். பாலம் ஏறும்போது ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "சார், இறங்கித் தள்ளட்டுமா?" என்பார். அவர் வண்டியில் பத்துப் பேர் இருப்பார்கள், பத்துப் பேரும் சிரிப்பார்கள். என் மனைவி ஒருநாள் பாதி வழியில் இறங்கி பஸ் பிடித்துப் போனாள். அன்றைக்குத்தான் எஞ்சினுக்கு ஏதாவது செய்வதென்று முடிவெடுத்தேன்.

மூன்று வழி இருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எனக்கு ஒரு மெக்கானிக் உண்டு. அவர் கணக்கில் உலகத்தின் எல்லா நோய்க்கும் டீசல் எஞ்சின்தான் மருந்து.

"டீசலு போட்டுடு சார். யானை மாதிரி இழுத்துகினு போவும். பாலம் இன்னா பாலம், மலையே ஏறும்."

"தட்டான் வால்ல கல்லு கட்டற மாதிரிண்ணா அது," என்றான் நண்பன். "இந்த வண்டிக்கு அழகே எடையில்லாததுதான். மூக்குல அவ்ளோ இரும்பை ஏத்தினா ஸ்டீயரிங் திரும்பாது. வளைவுல பின்சக்கரம் மடங்கும்."

இரண்டாவது, பழைய எஞ்சினையே பிரித்து, சிலிண்டரை 'போர்' பண்ணிக் கொஞ்சம் அகலப்படுத்தி, புதுப் பிஸ்டன் போடுவது. எனக்கு அதில்தான் மனம். அந்த எஞ்சினுக்கு என் பொறுமையெல்லாம் தெரியும். என் அவசரமும் தெரியும், அதைத்தான் அது மதித்ததே இல்லை. மூன்றாவது, பழைய சின்ன ஜீப் ஒன்றின் அலுமினிய பெட்ரோல் எஞ்சின். இருப்பதைவிட எடை குறைவு, வலுவோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது நண்பனின் யோசனை.

நான் இரண்டாவதிலேயே நின்றேன். ஒரு சனிக்கிழமை, மெக்கானிக் டீ குடிக்கப் போன நேரம். நண்பன் என் காரின் டயர்மேல் உட்கார்ந்து, டார்ச்சை எஞ்சினின் பக்கவாட்டில் அடித்து, "இங்க பாரு மச்சான்," என்றான்.

பார்த்தேன். கரி, எண்ணெய்ப் பிசுக்கு, இரும்பு.

"தெரியல? இதோ, இப்படிக் கீழே இறங்குது பாரு, முடி மாதிரி. கிராக். இதைப் போய் போர் பண்ணினா சுவர் தாங்காது. பாதி வழியில விட்டுடும்."

அவன் விரல் போன வழியே என் கண்ணும் போனது. எனக்குத் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது, ஒரு முடியளவு விரிசல். இன்றைக்குக் கண்ணை மூடினாலும் அது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று வரைந்து காட்டுவேன்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அவனே அலைந்தான். எஞ்சின் தேடியது அவன். "மொதல்ல பிரேக்கு, அப்புறம்தான் பவரு," என்று முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட வைத்தவன் அவன். ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர் மாற்ற என்னோடு வரிசையில் நின்றவனும் அவன்தான். டீக்கடை பெஞ்சில் வைத்துக் காகிதங்களை ஒவ்வொன்றாக நீட்டினான். ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டேன். நாங்கள் ஒருவருக்கொருவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வளர்ந்தவர்கள். அவன் நீட்டும் தாளைப் படித்துப் பார்ப்பது எனக்கு ஒரு அவமரியாதையாகத்தான் பட்டிருக்கும்.

"பழசைக் காயலான் கடைக்குப் போட்டுடாதே," என்றான். "பாவம். என் ஷெட்டுல ஒரு மூலையில கிடக்கட்டும்."

அந்த 'பாவம்' என்ற சொல்லுக்காக அன்று அவனை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

புது எஞ்சின் வந்தபின் கார் பறந்தது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் காற்று என்னைத் தாண்ட முடியாமல் திணறியது. மனைவி திரும்ப ஏறினாள், ஜன்னலை இறக்கிவிட்டுக் கூந்தலைப் பறக்கவிட்டாள். நண்பனும் ஒருநாள் நல்ல செய்தி சொன்னான். கோயம்புத்தூர்ப் பக்கம் அவனுக்கும் ஒரு எஞ்சின் கிடைத்துவிட்டதாம். அவனைக் கட்டிக்கொண்டேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, பழைய கார் வைத்திருப்பவர்கள் கோவளத்தில் கூடுவோம். மீன் ஏலம் முடிந்து ஈரமாகக் கிடக்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வரிசையாக நிறுத்துவோம். எல்லோரும் பானெட்டைத் திறந்து வைப்பார்கள். எங்களுக்குள் எழுதாத ஒரு சட்டம் உண்டு: திறந்ததை எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம், மூடியதைத் திறக்கச் சொல்லக் கூடாது.

அவன் கார் வந்தது. பல வருஷத்துக்குப் பிறகு தன் காலில் வந்தது. எல்லோரும் கைதட்டினோம். என் பக்கத்தில் நிறுத்தினான், அணைக்கவில்லை. அந்தச் சத்தம் எனக்குப் புதிதாக இருந்தது. ஆனால் மணலில் என் இடதுகால் தானாக அசைந்து கிளட்ச்சைத் தேடியது. அந்த எஞ்சினை நான் உள்ளே உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறேன். வெளியே நின்று கேட்டது அதுவே முதல் தடவை.

அவன் எஞ்சினை அணைத்தான். பானெட்டைத் திறக்கவில்லை.

"தொறடா," என்றேன்.

"சூடா இருக்குடா. அப்புறம் பாத்துக்கலாம்."

"தொறடா மச்சான்."

சுற்றி நின்றவர்கள் கடலைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவன் கொக்கியை விடுவித்தான். கார் மூக்கைக் கவிழ்த்துக் கும்பிட்டது. உள்ளே பச்சை வண்ணம் பூசி, மணப்பெண்போல நின்றது என் எஞ்சின். எத்தனையோ இன்சூரன்ஸ் படிவங்களில் எழுதி எழுதி மனப்பாடமான நம்பர். நான் பக்கவாட்டைத் தடவினேன். விரல் சுட்டது. வழவழவென்று இருந்தது.

"கிராக் எங்க?"

அவன் துணியை எடுத்து மட்கார்டைத் துடைத்தான்.

"கிராக்னு காட்டினியே. எங்கடா?"

"நீயே சைன் பண்ணிக் குடுத்தேடா," என்றான். "எஞ்சினை எனக்குத் தரதா லெட்டர். அந்த ஆர்.டி.ஓ. பேப்பர் கட்டுலதான் இருந்துது." பிறகு, குரல் இறங்கி, "கேட்டா குடுத்திருக்க மாட்டே."

"கேட்டியா?"

"இப்ப உன் வண்டி பறக்குதா இல்லியா? நான் சொன்னதுல எதுடா தப்பாப் போச்சு?"

எதுவும் தப்பாகப் போகவில்லை. அதுதான் தாங்கவில்லை. எடை பற்றி அவன் சொன்னது சரி, வளைவு பற்றிச் சொன்னது சரி, பிரேக் சரி. நூறு உண்மைகளுக்கு நடுவில் முடியளவு ஒரு பொய். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? எனக்கே தெரியாது. ஒருவேளை கொடுத்திருப்பேன், ஒருவேளை அவன் கண்ணைப் பார்க்காமல் பேச்சை மாற்றியிருப்பேன். நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கும். அதையும் சேர்த்துத்தான் அவன் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

வரும் வழியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் நிறுத்தினேன்.

"கிராக்கா?" என்றார் மெக்கானிக். "நான்தான சார் கழட்டினேன்? ஒரு மண்ணும் இல்ல. கல்லு மாதிரி கீது அது."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீ கேக்கல சார். மாத்துன்ன, மாத்தினேன். ரெண்டு ஃப்ரெண்டு பேசிக்கினு செய்யற வேலை. நடுவுல எனக்கு இன்னா பேஜாரு?"

அன்று மாலையே செய்தி அனுப்பினேன்: 'என் எஞ்சின் வேண்டும்.' அந்தக் கடிதத்தைக் காட்டி அவன் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி அவனே கொண்டுவந்தான். மூன்று ஆட்கள் இறக்கினார்கள். அவன் மரக்கட்டை வைத்து, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றை இழுத்துக் கட்டினான். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றான். அவன் கார் திரும்பவும் செங்கல் மேல் ஏறியிருக்கும். நான் கேட்கவில்லை.

கேட் வரை போய்த் திரும்பி நின்றான். "வாரத்துக்கு ஒரு தடவை கையால சுத்தி விடு. உப்புக்காத்து. சும்மா விட்டா பிஸ்டன் பிடிச்சுக்கும்."

பழைய எஞ்சினை நான் திரும்பப் போடப் போவதில்லை. புதுசுதான் நல்லது, கார் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. எனக்கு வேண்டியதெல்லாம் அது அவனிடம் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான். இதை எழுதுவதற்கு முன் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

ஏழு ஞாயிறு போய்விட்டது. மழை தொடங்கிவிட்டது. நேற்று மனைவி தார்ப்பாயின் முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அவர் சொன்ன மாதிரி ஒரு சுத்துச் சுத்தி விடலாமே, துரு ஏறுது பாருங்க," என்றாள்.

நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனேன். குந்தி உட்கார்ந்தேன். அவன் சொன்னது சரி, சுற்றினால் பிழைக்கும். அவன் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. சுற்றாமலே தார்ப்பாயை மூடிவிட்டு எழுந்து வந்தேன்.